கடல் இல்லாத ஊரில் கடற்காகங்கள்

புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பிக்வண். ஜனவரி மாதக் காலையில், உஜனி அணையின் நீர்ப்பரப்பில் பனி விலகும் முன்பே படகுகள் கிளம்பிவிடுகின்றன. துடுப்பு பிடிப்பவர்கள் உள்ளூர் மீனவர்கள். படகிலிருந்து யாராவது ஒரு கைப்பிடி காராபூந்தியை வீசினால் போதும், கடற்காகங்கள் கூச்சலிட்டபடி சூழ்ந்துகொள்கின்றன. கேமராக்கள் ஓய்வதில்லை.

அரபிக் கடல் இருப்பது சஹ்யாத்ரி மலைகளுக்கு அப்பால். இந்தப் பழுப்புத்தலைக் கடற்காகங்களின் பிறந்த வீடோ லடாக், திபெத், மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகள். குளிருக்குத் தப்பித் தெற்கே வருபவை அவை. பீமா நதியின் குறுக்கே 1980-ல் அணை கட்டி முடிக்கப்பட்டதும் கரையோரம் பரவிய ஆழமில்லாத நீர், பூநாரைகளைப் போலவே இவற்றுக்கும் வசதியாகிவிட்டது.

உலகெங்கும் கடற்பறவைகளின் கதி கவலைக்கிடம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு 359 இனங்களை அலசியது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருக்கிறது. தீவுகளில் மனிதன் கொண்டுவிட்ட எலியும் பூனையும், மீன்பிடி வலையும் தூண்டிலும், மாறிவரும் பருவநிலையும்தான் முக்கியக் காரணங்கள்.

பிக்வணின் விநோதம் வேறு. எல்லோரும் படமெடுக்கும் கடற்காகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆபத்து, யாரும் அதிகம் கவனிக்காத அதன் உறவுக்காரப் பறவையான ஆற்று ஆலாவுக்கு. மஞ்சள் அலகும் பிளந்த வாலும் கொண்ட இந்த உள்ளூர்வாசியை, அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் பட்டியலில் 2020-ல் சேர்த்துவிட்டது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்.

ஆலா கூடு கட்டுவதில்லை. கோடையில் நீர் வற்றித் தலைகாட்டும் மணல்திட்டில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. மேலும் வற்றித் திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் நாயும் மாடும் நடந்தே வந்துவிடும். திடீரென்று வெள்ளம் வந்தால் முட்டைகள் மூழ்கும். மணல் அள்ளுபவர்களுக்கோ திட்டே சரக்கு.

தண்ணீரும் சுத்தமில்லை. பல ஆண்டுகளாக புனேயின் சாக்கடையைச் சுமந்த முளா-முட்டா, பீமாவில் கலந்து உஜனிக்குத்தான் வந்து சேர்கிறது.

கோடை தொடங்கும்போது கடற்காகங்கள் வடக்கே கிளம்பிவிடும். பயணிகள் கூட்டமும் கலைந்துவிடும். ஆலா முட்டையிடுவது அப்போதுதான். காவல் தேவைப்படுவதும் அப்போதுதான்.