யோயோ வாங்கிய கதை

செம்பனைக் குலைகளைக் கணக்கிட்டும், பெரட்டுப் புத்தகத்தில் ஆள் வரவு எழுதியும் காலங்கழிக்கும் ஒரு தோட்டக் கிராணிக்கு யோயோவைப் பற்றி எழுத என்ன யோக்கியதை உண்டென்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவ்விஷயத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தோம் என்பதொன்றே நமது யோக்கியதை.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு நம் தமக்கையின் மகன் பந்திங்கிலுள்ள நம் இல்லத்திற்கு வந்திருந்தான். பதினொரு வயது. யாதொன்றையும் வாய்விட்டுக் கேட்டறியாத பிள்ளை, யோயோ ஒன்று வேண்டுமென்று கேட்டுவிட்டான். மறுநாளே கிள்ளானுக்கு அழைத்துச் சென்றோம். நாம் ஆங்கிலத்தில் படித்தவர் அல்லவா? பெட்டிகளின்மேல் அச்சிட்டிருந்ததையெல்லாம் கடகடவென்று வாசித்தோம். வாசித்ததில் ஒன்றும் விளங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் ஒப்புக்கொள்ளத்தான் நாணம் இடந்தரவில்லை. இருப்பதில் விலை கூடியதை எடுத்தோம். பளபளக்கும் அலுமினியம், நூற்றிருபது வெள்ளி. மூடநம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நாம், ஒரு விலைச்சீட்டின்முன் கைகூப்பி நின்றோம் என்றுதான் சொல்லவேண்டும்.

பையன் வீசினான். யோயோ இறங்கிற்று, நூலின் நுனியில் நின்று அழகாகச் சுழன்றது, சுழன்று ஓய்ந்தது. மேலே வரவேயில்லை. மூன்று நாள் முற்றத்தில் நின்று வீசுவதும், கையால் நூலைச் சுற்றுவதுமாக இருந்தான். நான்காம் நாள் அதனைப் பெட்டியிலிட்டு நம் மேசைமேல் வைத்து, "மாமா, இது நல்ல யோயோதான். எனக்குத்தான் கை வரல. நீங்களே வச்சுக்குங்க" என்றான்.

அந்த முகத்தை நாம் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறோம். 1997இல் ஜப்பானில் பண்டாய் கம்பெனியார் கிளப்பிவிட்ட யோயோ மோகம் சில ஆண்டுகளில் பல நாடுகளுக்கும் பரவியது. நம் தகப்பனாரும் கிராணியாராதலால், நமக்குக் கடை யோயோ கிடைத்தது. லயத்தில் நம்மோடொத்த ஒருவன், கொய்யாக்கிளையை வில்லைகளாய் அறுத்து, நடுவே குச்சி செருகித் தானே ஒன்று செய்துகொண்டு வந்தான். அது சற்றுக் கோணலாகச் சுழன்றாலும் தவறாமல் கைக்குத் திரும்பிற்று. நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். அவன் அதை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டான். இன்று அவன் எவ்வூரில் இருக்கிறானோ! நம் பணம் மருமகனுடைய கையையே அவன் குறைகூறும்படி செய்துவிட்டதென்று கண்டபோதுதான், இக்கருவியைப் பற்றி விசாரிக்கும் எண்ணம் நமக்கு உண்டாயிற்று.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். பழைய மாதிரி யோயோவில் நூலானது நடுஅச்சைச் சுற்றித் தளர்வாக வளைந்திருக்கும். சுழலும்போது விரலைச் சிறிது மேலே சுண்டினால், நூல் தளர்ந்து அச்சைப் பற்றிக்கொண்டு தானே சுற்றிக்கொள்ளும். புது மாதிரியில் அச்சின்மேல் பேரிங் ஏறியிருக்கிறது. தள்ளுவண்டிச் சக்கரத்தில் இருப்பதன் குட்டி வடிவம். பெரும்பாலும் அரை அங்குல விட்டமுள்ள ‘சி’ அளவு. உராய்வு குறைவதால் சுழற்சி வெகுநேரம் நீடிக்கிறது. இடைவெளியும் அகலமானால் நூல் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. நூலை மடித்து அவ்விடைவெளிக்குள் ஊட்டினாலன்றி அது மேலே வராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நாம் வாங்கியது இவ்வினம். நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் இறக்கிவிட்டோம்!

உருவத்திலும் பேதமுண்டு. விளிம்பு உருண்டது கையருகே வளையமிட்டு வீசுவதற்கு நன்று. வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் வெளிப்புறம் விரிந்தது, நூலின்மேல் ஏற்றி இறக்கும் வித்தைகளுக்கு உதவும். எடை விளிம்பில் மிகுந்திருந்தால் சுழற்சி நீளும். ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து கிராம் எடையும் உள்ளது சராசரி யோயோ. சிறு கைக்கு அதற்குச் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. நூல் தரையிலிருந்து வீசுபவரின் தொப்புள் மட்டம் வரை இருந்தால் போதும். கடையில் வரும் நீளம் பெரியவர்களுக்கானது. அதை வெட்டாமல் கொடுத்தால் குழந்தை நாற்காலிமேல்தான் ஏறி நிற்கவேண்டும். நூல் தேயும், அழுக்கேறும், மாற்றவேண்டும் என்பதையும் நம்மவர் மறந்துவிடுகிறோம். மாதச் சம்பளக்காரர் முதலை மட்டும் பார்த்துப் பின்செலவைப் பாராமலிருப்பது தகாது.

நம் ஊரில் பூப்பந்து மட்டை வாங்குவோர் நரம்பின் இறுக்கம் வரை விசாரிப்பார்கள். 1992இல் பார்ஸிலோனாவில் மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத்தந்த ராசிப், ஜலானி சீடேக் சகோதரர்களின் வட்டாரமல்லவா இது! யோயோ என்றால் மட்டும் விளையாட்டுச் சாமான்தானே என்று இளப்பம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாத்திரமொன்றில் ஒரு சிறுவன் இதனை ஆடும் சித்திரம் உண்டு. 1928இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் இதற்கென்று கம்பெனி தொடங்கி அந்நாட்டாரைப் பித்துப்பிடிக்க வைத்தவர் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ புளோரெஸ். பின்னர் அத்தொழிலை வாங்கிய டங்கன் கம்பெனியார் அப்பெயரைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார்கள். அது பொதுச்சொல்லே என்று 1965இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பிழைக்கவந்தவர் ஒருவர் பரப்பியது எல்லோருக்கும் பொதுவாயிற்றென்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நிற்க.

அடுத்த வாரம் பந்திங் கடைத்தெருவிலேயே முப்பது வெள்ளிக்குப் பிளாஸ்டிக் யோயோ ஒன்று வாங்கினோம். இம்முறை வெட்கத்தை விட்டு, "இது சுண்டினால் மேலே வருமா?" என்று கேட்டோம். கடைக்காரச் சீனர் வீசியே காட்டினார். பெட்டியில் இரண்டு பேரிங்குகள் இருந்தன. ஒடுக்கமானது போட்டிருக்கும்வரை திரும்பி வரும். தேர்ச்சியடைந்தபின் அகலமானதை மாற்றிக்கொள்ளலாம். வீட்டிற்கு வந்து பையனை நிமிர்ந்து நிற்கச்சொல்லி, நூலைத் தொப்புளுக்கு அளந்து வெட்டி, நடுவிரலில் சுருக்கிட்டுக் கொடுத்தோம்.

வீசினான், சுண்டினான், வந்தது. மீண்டும் வீசினான், வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

விடுமுறை முடிந்து புறப்படுகையில், அகலப் பேரிங்கை ஒரு தைலப் புட்டியிலிட்டு நம்மிடம் கொடுத்து, "அடுத்த லீவுக்கு வரும்போது குடுங்க மாமா. அதுக்குள்ள தொலைச்சிறாதீங்க" என்று எச்சரித்துச் சென்றான். புட்டி ஆபீஸ் மேசை இழுப்பறையில் பத்திரமாயிருக்கிறது. அந்த நூற்றிருபது வெள்ளிப் பொருளை இப்போது மாலைவேளைகளில் நாமே வீசிப் பழகுகிறோம். இதுவரை நெற்றியில் இருமுறை பட்டிருக்கிறது. கைக்கு ஒருமுறை வந்திருக்கிறது.