கிளினிக்குக்கு என்ன உடுத்திப் போவது?

"லாபி ந ஃபே பா ல முவான்" என்று எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடிக்கடி சொல்வார். அங்கி போட்டவனெல்லாம் சாமியார் ஆகிவிட மாட்டான் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தால் பாட்டி, "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார். பள்ளிக்கூடம் ஒன்று சொல்ல, வீடு வேறொன்று சொல்ல, இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான். அரசு உத்தியோகத்தில் 34 வருடம் இருந்தபோது பாட்டி சொன்னதுதான் செல்லுபடியானது. இஸ்திரி போட்ட சட்டைக்கு ஒரு மரியாதை, கசங்கிய சட்டைக்கு ஒரு மரியாதை. எழுதிய கோப்பு ஒரே கோப்புதான்.

போன மாதம் இந்த வழக்கு மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தங்கையின் பேத்தி விலங்கியல் படித்தவள். குரும்பாப்பேட்டையில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. மதிப்பெண் போதவில்லை. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். தகப்பன் இல்லாத பெண். அம்மா தையல் மிஷினில் சம்பாதித்துத்தான் வீடு ஓடுகிறது. லாசுப்பேட்டைப் பக்கம் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு தனியார் கிளினிக்கில் உதவியாளர் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். "ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டும்மா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு 'டிரையல்' என்று பெயராம். எங்கள் காலத்தில் தேர்வு, நேர்முகம், பிறகு இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். இப்போது எல்லாம் ஒரே பகலில் முடிகிறது.

உடனே எழுந்த கேள்வி, என்ன உடுத்திப் போவது?

அம்மாக்காரி, தீபாவளிக்கு எடுத்த மெரூன் நிற சுடிதாரை எடுத்து வைத்தாள். ஜிமிக்கி, மெல்லிய சங்கிலி, கையில் அரை டஜன் கண்ணாடி வளையல். "முதல் நாள் லட்சணமாகப் போக வேண்டாமா மாமா? பார்த்ததும் நல்ல குடும்பத்துப் பெண் என்று தெரிய வேண்டாமா?" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். என் மனைவி, தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிடுவதாகச் சொன்னாள். பேத்தி என்னைப் பார்த்தாள்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் ஆறு வருடம் கால்நடைத் துறையில் குமாஸ்தாவாக இருந்தேன். வைத்தியம் ஒன்றும் தெரியாது. இருப்புப் பதிவேடு தெரியும். "கம்பூட்ஸ் – 2 ஜோடி, ரப்பர் ஏப்ரன் – 1, சோப்பு – 12" என்று எழுதியே கை தேய்ந்தது. ஒருமுறை இருப்புச் சரிபார்க்க பாகூர் போயிருந்தேன். கன்று ஈன முடியாமல் ஒரு பசு தவித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வந்தார். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனியனோடு நின்று, தோள்பட்டை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் வருடக்கணக்காகப் பதிவேட்டில் எழுதிவந்த அந்த ரப்பர் ஏப்ரனை அன்றுதான் ஒரு மனிதர் உடம்பில் பார்த்தேன். கன்று பிழைத்தது. மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, பசுவுக்கு நாம் யாரென்று தெரியாது, கை நகம் மட்டும்தான் தெரியும் என்றார்.

அதனால் பேத்திக்கு நான் சொன்னது இதுதான்: "டாக்டர் பார்ப்பதற்காக உடுத்தாதே. நாயும் பூனையும் ஈரத்தரையும் எப்படிப்பட்டவை என்று நினைத்து உடுத்து."

முதலில் செருப்பு. அங்கே தரையைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். பயந்த நாய் மேசை மேலேயே ஒன்றுக்குப் போகும். ஊசி கீழே விழும். பெரிய நாய் காலை மிதிக்கும். எனவே விரல் முழுக்க மூடிய, வழுக்காத அடிப்பாகம் உள்ள, கழுவக்கூடிய ஷூதான் சரி. கேன்வாஸ் ஷூ மூடியிருக்கும், ஆனால் நனைந்தால் அன்று முழுவதும் ஈரம்தான்.

அடுத்தது துப்பட்டா. குட்டி நாய்க்கு அது விளையாட்டுச் சாமான், பெரிய நாய்க்குக் கழுத்துக் கயிறு. தொங்குகிற ஜிமிக்கியும் சங்கிலியும் அப்படியே. பூனை நகம் மாட்டினால் காது கிழியும். கண்ணாடி வளையல் உடைந்தால் நம் கையிலும் குத்தும், பிராணியின் உடம்பிலும் குத்தும். மோதிரம் கையுறையைக் கிழிக்கும், அதன் அடியில் அழுக்கும் தங்கும். "பெண்பிள்ளை மூளிக் கையோடு போவதா?" என்று அம்மாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவனை இழந்தவள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் வாதாடவில்லை. காதில் ஒட்டிய பொட்டுக் கம்மல் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆயிற்று.

மல்லிகையும் சென்ட்டும் பவுடரும் வேண்டாம் என்றேன். நமக்கு வாசனை, நாயின் மூக்குக்கு அது கூச்சல். ஏற்கனவே நடுங்கிக்கொண்டு வருகிற ஜீவனிடம் எதற்கு? கொலுசும் வேண்டாம், பூனை மிரளும். சடையைத் தொங்கவிடாமல் சுருட்டிப் பின் குத்த வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

இனி துணி. முழங்கை வரைக்கும் கையைக் கழுவ வேண்டியிருக்கும், எனவே அரைக்கை. குனிந்து தரையில் உட்கார வேண்டியிருக்கும், எனவே இறுக்கமில்லாத பருத்தி பேன்ட், கணுக்காலில் இழுபடாதது. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. லெக்கிங்ஸ் நகம் பட்டால் அவ்வளவுதான். நல்ல துணி எதுவும் வேண்டாம். தரை துடைக்கிற ப்ளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தால் அந்த மெரூன் சுடிதாரில் ஆரஞ்சுப் பொட்டு விழும், அது சாகும்வரை போகாது. கறுப்பில் வெள்ளை முடி தெரியும், வெள்ளையில் கறுப்பு முடி தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நீலம் தேடினோம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நானும் அவளுமாகப் போய் ஒரு மணி நேரம் அலைந்து வாங்கி வந்தோம்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. "மேலே ஒரு ப்ளூஸ் போட்டுக்கொண்டால் போதும்" என்று நான் சொல்லப்போக, வீட்டில் எல்லோரும் திகைத்துவிட்டார்கள். என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் அந்தச் சொல் டாக்டரும் சோதனைச்சாலைக்காரரும் உடுப்பின் மேல் போட்டுக்கொள்கிற நீண்ட அங்கியைக் குறிக்கும். எங்கள் விஞ்ஞான வாத்தியார் சாம்பல் நிறத்தில் ஒன்று வைத்திருந்தார். அதே எழுத்துகளை இங்கிலீஷில் படித்தால் ப்ளவுஸ். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே!

எல்லா விவாதமும் முடிந்த பிறகு, "கிளினிக்கிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடேன்" என்றேன். வாட்ஸ்அப்பில் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: ஷூ போட்டு வரவும், துப்பட்டா வேண்டாம், மாற்று உடை ஒன்று கொண்டு வரவும். மாற்று உடையை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. இப்படி ஒரு நாளுக்குக் கூப்பிட்டால், கூப்பிட்டவர்களையே கேட்டுவிடுவது சுருக்கமான வழி. கூடவே அன்றைக்குக் கூலி உண்டா என்பதையும் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க வேலை வாங்கிவிட்டுப் பார்க்கலாம் என்று அனுப்புவது எனக்குப் பிடிக்காத வழக்கம். இவர்கள் உண்டு என்றார்கள்.

என் பங்குக்கு, என் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைக் கொடுத்தேன். நொடி முள் உள்ளது. ஓய்வாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 30 தடவை மூச்சு விடும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். செல்போனை எடுத்துப் பார்த்தால் வேலை நேரத்தில் வேறு எதையோ பார்ப்பதாகத் தோன்றும். ஆனால் கையில் கட்டாதே, பையில் வை என்றேன். ஒரு சின்ன நோட்டும் பேனாவும். குமாஸ்தா வேறு என்ன கொடுப்பான்?

உடுப்பு தடுக்காதது ஒன்று உண்டு, அது கடி. எங்கள் பள்ளிப் பாடத்தில் பாஸ்டர் கதை வரும். 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்கு அவர் ஊசி போட்டுக் காப்பாற்றிய கதை. நம் ஊரில் நாய் கடித்தவனுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதும், ஊசிக்குப் பயந்து கடிபட்டதையே மறைத்த பிள்ளைகளும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து இப்போது இல்லை. கையில் போடுகிற ஊசி வந்துவிட்டது. பிராணிகளோடு வேலை செய்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. வேலைக்கு எடுத்தால் அதை முதலில் கேள் என்றேன். அப்படியே கடித்தாலும் கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்கக் கூடாது.

அந்த நாள் வந்தது. காலையில் போனவள் இரவு ஏழரைக்குத் திரும்பினாள். அவளோடு இன்னொரு பையனும் டிரையலுக்கு வந்திருந்தானாம். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, பளபளக்கிற தோல் ஷூ. பத்து மணிக்கே லாப்ரடார் ஒன்று அந்தச் சட்டை மேல் வாந்தி எடுத்துவிட்டது. ஆனால் பையன் கெட்டிக்காரன். சட்டையைப் பற்றிக் கவலையே படாமல் நாயை விடாமல் பிடித்திருந்தானாம். டாக்டர் தம் ஏப்ரனைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தாராம்.

சாயங்காலம் ஒரு பெரியவர் வந்திருக்கிறார், தனி ஆள். பதினாலு வயது நாய், சிறுநீரகம் போய்விட்டது. இனி ஊசி போட்டு அனுப்பிவிடுவதே நல்லது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மேசை மேல் தூக்கினால் நாய் வலியில் கத்தியது. தரையிலேயே போர்வை விரித்துச் செய்யலாம் என்றார் டாக்டர். பேத்தி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவரால் குனிய முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நாயின் காதருகே கை நீட்டி, "மோன் ப்தி, மோன் ப்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகளெல்லாம் பாரிசில் இருக்கிறார்களோ என்னவோ. "சின்ன வயதில் நீங்கள் என்னை அப்படித்தானே கூப்பிடுவீர்கள் தாத்தா" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடியும்போது நாயின் வாயிலிருந்து வழிந்தது அந்தச் சாம்பல் நீலத் துணியில்தான். எழுந்துபோய் மாற்று உடை போட்டுக்கொண்டு, அடுத்த பூனைக்குக் கூடு கழுவியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசலிலேயே விடச் சொன்னேன். குட்டி நாய்களைக் கொல்கிற பார்வோ என்ற கிருமி துணியிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு வரும், மாதக்கணக்கில் சாகாது. கையில் தடவுகிற சானிடைசருக்கெல்லாம் அது அசையாது, ப்ளீச்சிங்தான் அதற்கு. எதிர்வீட்டில் ஊசி போடாத குட்டிகள் நான்கு இருக்கின்றன. பூனையிடமிருந்து படர்தாமரை மனிதருக்கும் வரும். எனவே அந்தத் துணிக்குத் தனி வாளி. சிவப்பு வாளி ஒன்றை அம்மாக்காரியே வாங்கி வைத்துவிட்டாள். துவைத்ததும் அவள்தான். ஜிமிக்கியைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து போகிறாள். சீருடை தைத்து வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் ஒரு செட் போதாது, இன்னும் இரண்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். அதற்கு மேல் காந்தி வீதியில் கால் வைக்க இடமிருக்காது.