துறைமுகத்துக்குப் பெயர் தந்த துரை

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ விட்டுச் சென்ற தகரப் பெட்டி இருந்தால் ஒரு நாள் அதைத் திறந்து பாருங்கள். மங்கிப்போன பிறப்புப் பத்திரமோ, கப்பலில் வந்தபோது கொடுத்த தாளோ அடியில் கிடக்கலாம். கிள்ளான் வட்டாரக் குடும்பமாக இருந்தால், அதில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற பெயர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்றைய பிள்ளைகள் அந்தப் பெயரை மலேசியப் படத்தில் தேடினால் கிடைக்காது. "இது சீமையில் இருக்கிற ஊரா, சார்?" என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் பாதி உண்மை இருக்கிறது.

சீமையில் சுவெட்டன்ஹாம் என்றொரு ஊர் இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில், செஷயர் வட்டாரத்தில் உள்ள சின்னஞ்சிறு கிராமம் அது. 'ஹாம்' என்பது பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறிக்கும் சொல். சுவேட்டா என்ற ஒருவனின் குடியிருப்பு என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள். நம்மில் காரைக்குடி, மன்னார்குடி என்று 'குடி' சேர்ந்து வருவதைப் போலத்தான். அந்த ஊர்ப்பெயரே ஒரு குடும்பத்தின் பெயரும் ஆயிற்று. செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று நாம் சொல்லவில்லையா? வேறுபாடு ஒன்றுதான். நாம் ஊரை முன்னால் வைத்து, கடல் கடந்ததும் கைவிட்டுவிட்டோம். அவர்கள் பின்னால் வைத்து, போகுமிடமெல்லாம் கூடவே கொண்டு போனார்கள்.

அப்படிக் கொண்டுவந்தவர்தான் பிராங்க் சுவெட்டன்ஹாம். 1850-இல் டெர்பிஷயரில் உள்ள பெல்பர் என்னும் ஊரில் பிறந்தார். 1871-இல், இருபது வயது இளைஞராகச் சிங்கப்பூரில் இறங்கினார். மலாய் மொழியை நன்றாகக் கற்றார். அதுவே அவரை மேலே ஏற்றிவிட்ட ஏணி. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனார்.

அவர் வந்தபோது கோலாலம்பூர் எப்படி இருந்தது தெரியுமா? அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமான ஈயச் சுரங்கக் குடியிருப்பு. 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் மாறி மாறி வந்து ஊரை அழித்துவிட்டன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்டவேண்டும் என்றார் சுவெட்டன்ஹாம். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்; செங்கல் வயல் என்று சொல்லலாம். பூமாலையும் இட்லியும் வாங்க இன்று நாம் போகும் பிரிக்பீல்ட்ஸ் அதேதான். 2010-இல் அதற்கு 'லிட்டில் இந்தியா' என்று வளைவும் வர்ணமும் வைத்தார்கள். என்னைக் கேட்டால், பழைய பெயரில்தான் கதை இருக்கிறது.

அடுத்து ரயில். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானை அடைந்தது. ரயில் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார்களும் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் பேட்டை ஆனது இப்படித்தான்.

நீங்களும் அதே தடத்தில் ஒரு முறை போய்வாருங்கள். கே.எல். சென்ட்ரலில் பெலபுஹான் கிள்ளான் போகும் கொமுட்டர் வண்டியில் ஏறினால் பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என்று போய், தண்டவாளம் முடிகிற இடத்தில் இறக்கிவிடும். மூக்கில் உப்புக்காற்று ஏறும். பூலாவ் கெத்தாம் போகும் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த இடம்தான் போர்ட் சுவெட்டன்ஹாம்.

கிள்ளான் ஆற்றில் பெரிய கப்பல்கள் மேலே வர முடியாததால், கழிமுகத்தில் இந்தத் துறைமுகத்தைக் கட்டினார்கள். 1901 செப்டம்பரில் திறப்பு. அப்போது மலாய்க் கூட்டரசின் தலைமை ரெசிடெண்டாக இருந்தவரின் பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் துரைக்கு, காய்ச்சல் கூலிக்கு. சதுப்பு நிலத்தை வெட்டித் திறந்ததும் கொசு பெருகி மலேரியா கொள்ளையாக வந்தது. கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் 1901-இல் மட்டும் காய்ச்சலில் இறந்தவர்கள் 368 பேர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கிள்ளானில் டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சேற்று நீரை வடிகால் வெட்டி வெளியேற்றச் செய்தார். புதர்களை அழிக்கச் செய்தார். மறு ஆண்டில் அந்த 368 என்பது 59-ஆக இறங்கியது. கொசு மருந்தே இல்லாத காலம் அது! பிறகு தோட்டங்களிலும் அவர் இதே வேலையைச் செய்தார். இன்று நம் லயத்தைச் சுற்றி ஓடும் கால்வாய்க்கு ஒரு முன்னோர் உண்டென்றால் அது கிள்ளானில்தான் இருக்கிறது. ஒரு தெருவுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் நான் முதலில் இந்த டாக்டருக்கும், அந்த வடிகாலை வெட்டிய மண்வெட்டிக்காரர்களுக்கும்தான் வைப்பேன்.

சுவெட்டன்ஹாமின் அண்ணன் அலெக்சாண்டரும் சாதாரண ஆளில்லை. இலங்கையில் அரசு வேலை, சிங்கப்பூரில் காலனிச் செயலாளர், பிறகு ஜமைக்காவின் கவர்னர். 1907-இல் அங்கே பெரும் பூகம்பம். உதவிக்கு இறங்கிய அமெரிக்கக் கடற்படையினரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, அந்தச் சர்ச்சையில் பதவியை இழந்தார். தம்பி சாமர்த்தியசாலி. நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்து 1904-இல் ஓய்வு பெற்று, 1946-இல் 96 வயதில் காலமானார்.

ராஜுலா போன்ற கப்பல்கள் நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. 1972-இல் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது. சுதந்திர நாட்டுக்கு அது சரிதான். ஆனால் பத்திரங்கள் மாறவில்லை. ஆகவே, பிறந்த இடம் சுவெட்டன்ஹாம் என்று இருந்தால், பிள்ளைகள் பாரங்களை நிரப்பும்போது அது வெளிநாடு அல்ல, சிலாங்கூர்தான் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுப் பாரங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அது கிடையாது; 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று அப்பா பெயர்தான். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினால், அங்குள்ளவர்கள் உங்கள் மகளை அவள் அப்பா பெயராலேயே கூப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அயல்நாட்டுக்குப் படிக்கப் போன பெண்ணுக்கு நான்கு வருடமும் அதுதான் நடந்தது. அவளுடைய அப்பாவுக்கு இதில் ஒரே பெருமை. "பால் வெட்டுகிறவன் பெயரை வெள்ளைக்கார வாத்தியார் தினமும் சொல்கிறாரே!" என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.