வெள்ளைக் குளிசை

சின்னக் கடுதாசி உறை. மேலே பேனையால் காலை 1, இரவு 1. உள்ளே வெள்ளைக் குளிசை. கல்முனைப் பக்கத்து வீடுகளில் அலுமாரித் தட்டைத் திறந்தால் இப்படி ஏழெட்டு உறை கிடக்கும். எது பிரஷருக்கு, எது வாதத்துக்கு என்று கேட்டால் வீட்டாருக்கே தெரியாது. மருதமுனை மாமியின் நினைவு எனக்கு அந்த உறைகளோடுதான் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாமிக்கு ஒரு பக்கக் கன்னத்தில் சுளீர் சுளீரென்று வெட்டும் வலி. வுழூ எடுக்கத் தண்ணீர் பட்டாலே துடித்துப்போவா. கார்பமசெபின் கொடுத்தார்கள், வலி நின்றது. இரண்டு கிழமை போகக் காய்ச்சல், தொண்டை நோ, கண் சிவப்பு. கொப்பளிப்பான் என்றார்கள் சிலர். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள் சிலர். குளிசையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. வலியை நிறுத்திய மருந்தை யார்தான் சந்தேகிப்பார்கள்?

ஆஸ்பத்திரி வாட்டில் வாழையிலை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். துணியென்றால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். புரட்டும்போது முதுகுத் தோல், காய்ச்சிய பாலில் ஆடை விலகுவதுபோல விலகியது. கூட நின்ற சாச்சி வெளியே ஓடிவிட்டா.

“மருந்து சுட்டுப்போட்டுது” என்றது ஊர். சுட்டது மருந்தல்ல, மாமியின் சொந்த எதிர்ப்புச் சக்தி. நம் உயிரணுக்கள் தமக்குள் இருப்பதன் துணுக்குகளை எச்எல்ஏ என்ற புரதத்தில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்த அணுவை டி அணுக்கள் அப்படித்தான் கண்டுபிடித்துக் கொல்கின்றன. சிலருக்கு மருந்தே அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ள, நல்ல தோல் அணுவும் அந்நியமாகத் தெரிகிறது. டி அணுக்கள் கிரானுலைசின் என்ற நஞ்சை விடுகின்றன. 2008இல் தைவான் ஆய்வாளர்கள் நோயாளிகளின் கொப்புள நீரில் அதை ஏராளமாகக் கண்டார்கள். ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1922இல் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதிய நோய் இது. உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் கழன்றால் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மிஞ்சுவதில்லை.

மாமி மிஞ்சினா. கண்ணீர் மட்டும் வற்றிப்போனது, இமை மயிர் உள்நோக்கி முளைத்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அலுமாரியோடு கிளினிக் கொப்பியும் போயிற்று. ஜனாஸாக்களுக்கு முன்னால் எல்லோரும் கதற, மாமி காய்ந்த கண்ணோடு நின்றா. “கல்லு மனசு” என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. முகாமுக்கு வந்த இளம் டொக்டர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார்.

“வெள்ளைக் குளிசை, மகன்.”

அவருடைய பெட்டியில் பாதிக்கு மேல் வெள்ளை.

அதே 2004இல்தான் தைவானில் இன்னொன்றும் தெரியவந்தது. கார்பமசெபினால் தோல் உரிந்த 44 பேரைச் சோதித்ததில் 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வழியினருக்கு அந்தக் குளிசையைப் புதிதாகத் தொடங்குமுன் இதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு துளி இரத்தத்தில் முடிகிற காரியம்.

கொல்கத்தாவின் அனுராதா சாஹாவைப் பற்றிப் பிறகு வாசித்தேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தவருக்கு 1998இல் இதே தோல் நோய். நீண்ட நேரம் வேலை செய்யும் ஸ்டீரொய்ட் ஊசியை, 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை போட்டார்கள். தோல் போன உடம்பில் எதிர்ப்புச் சக்தியையும் அப்படி அடக்கினால் கிருமியை எது தடுக்கும்? அந்த மே மாதமே இறந்தார். 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாமியின் வாட்டில் முதலில் செய்தது குளிசையை நிறுத்தியது. ஆளைக் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மாமிக்கு அந்த மரபணு இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. இருந்திருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்த மச்சிக்குப் போன நோன்புக்குப் பிறகு கன்னத்தில் வெட்டு வலி தொடங்கியிருக்கிறது. உம்மாவுக்கு நடந்ததை டொக்டரிடம் சொல்லுங்க என்றேன். “மருந்துட பேர் என்னெண்டு சொல்ற?” என்றா. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.