பெரியபாளையத்துக்கு டபுள்ஸ்!

சென்னையிலிருந்து பெரியபாளையம் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்விடலாம். சைக்கிளில், அதுவும் மனைவியோடு? கேரியரில் உட்கார வைத்து இல்லை ஸார், ஆளுக்கொரு சைக்கிள்!

இதற்கு முன்னோடி ஓர் அமெரிக்கத் தம்பதி. ஃபேனி புல்லக் வொர்க்மேன், அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மேன். 1897-ல் அம்மாவுக்கு வயது 38, ஐயாவுக்கு 50. இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை, நடுவில் இலங்கை, பர்மா, ஜாவா என்று சுற்றி, சுமார் 14,000 மைல்! ஒரே நாளில் 40 பங்க்சர் வரை ஒட்டியதுண்டாம். (ஒரு பங்க்சருக்கே நாம் அரை நாள் லீவு போடுகிறோம்.) தங்க இடம் கிடைக்காவிட்டால் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்.

அந்தப் பயணம் தர்மத்துக்காக இல்லை. ஃபேனி பணக்கார வீட்டுப் பெண். ஆனால் 1925-ல் அவர் இறந்தபோது நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதி வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் வசூலுக்காகவே மிதிக்கிறார்கள். 2019-20-ல் கேட் டிக்ஸன், ராஸ் மார்ஸ்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் தோழிகள், இருவர் மிதிக்கும் ஒரே சைக்கிளில் 263 நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். அசல் டபுள்ஸ்! திரட்டிய பணம் ஆக்ஸ்ஃபாமுக்கும், மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கான சங்கத்துக்கும்.

"ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் காசு கொடுக்க, பலன் மூணாவது ஆளுக்கா? என்னய்யா கணக்கு இது?" என்பவர்கள் பெரியபாளையம் வர வேண்டும்.

விடிகாலையில் கிளம்பி செங்குன்றம் தாண்டுங்கள். காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். அதுவரை கல்கத்தா ரோடு லாரிகள் காதருகில் அலறும். ஜனப்பன்சத்திரம் கூட்ரோட்டில் இடது பக்கம் திரும்பினால்தான் மூச்சு விடலாம். மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர், அப்புறம் ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன். ஆடி ஞாயிறன்று மட்டும் சைக்கிள் வேண்டாம், கால் வைக்க இடமிருக்காது. அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் மாட்டு வண்டி கட்டி வந்து, ஆற்றோரம் பொங்கிச் சாப்பிட்டுத் தங்கிய ஊர் இது.

இங்கே வேப்பஞ்சேலைதான் விசேஷம். உடம்பெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறார்கள். இலைக்காம்பு குத்தும், வெயிலில் தரை சுடும். யாருக்காக? அம்மை வந்த குழந்தைக்காக, படுத்துவிட்ட அம்மாவுக்காக. புருஷன் பிழைத்தால் தாலியையே காணிக்கை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ளும் பெண்கள் உண்டு. நோவு ஒருத்தருக்கு, பலன் இன்னொருத்தருக்கு. அதே கணக்குதான்!

பிழைத்து எழுந்த புருஷன் பதிலுக்கு என்ன செய்கிறான் என்றுதான் தெரியவில்லை. மொட்டை போட்டால் சரியாகிவிடுமா?

ஆபீஸில் 20 பேரைப் பிடியுங்கள். கிலோமீட்டருக்கு 1 ரூபாய். போக வர 90 கிலோமீட்டருக்கு 1,800 ரூபாய் தேறும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் ஆச்சு. எதிர்காற்று அடித்தால் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும்.

பணத்தை மட்டும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால், "ஏம்ப்பா, டெம்போவுலதானே போனே?" என்பார்கள்!