கழற்றிப் பார்த்து

கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, அவர் கணவர், வெளியூரிலிருந்து வந்திருக்கும் மகள். அம்மா மஞ்சள் பையிலிருந்து பித்தளை ஃபில்டரை எடுத்து மேசைமேல் வைக்கிறார். இரண்டு பேருக்கு டிகாக்‌ஷன் இறக்கும் அளவு. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்கிறது. உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து ஆங்காங்கே மஞ்சள் தெரிகிறது.

மகள் முடிவோடுதான் வந்திருக்கிறாள். அலமாரியில் இருக்கும் மின்சார காபி மேக்கரைக் காட்டுகிறாள்.

"பொடியப் போட்டுத் தண்ணிய ஊத்தி சுவிட்சத் தட்டினா போதும்மா. பால் பொங்கறதுக்குள்ள டிகாக்‌ஷன் ரெடி."

"கள்ளிச்சொட்டா இறங்குமா அதுல?" என்கிறார் அப்பா.

நியாயமான கேள்வி. ஃபில்டரில் வெந்நீர் கால் மணி நேரமாவது பொடியோடு கிடந்து ஊறித்தான் சொட்டுகிறது. கனமான பித்தளை சூட்டைச் சட்டென்று விடுவதில்லை. மெஷினில் தண்ணீர் சில நிமிடங்களில் பொடியைக் கடந்து போய்விடும். அவசரத்துக்கு அது போதும். கள்ளிச்சொட்டாக இறக்கும் நிதானம் அதற்கில்லை.

கடைக்காரர் மேல் பாத்திரத்தைத் தூக்கி விளக்கொளியில் பிடிக்கிறார்.

"பாதி ஓட்டை அடைஞ்சிருக்கும்மா. எவர்சில்வர்னா நெருப்புல காட்டிச் சுட்டு எடுத்துடலாம். இதக் காட்டிடாதீங்க, ஈயம் உருகிடும். வெந்நீர்ல ஊறப்போட்டு ஊசியால குத்தி எடுங்க."

பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும்; அடுப்புத் தீயின் சூடு அதைவிட மிக அதிகம். காபியின் புளிப்பு பித்தளையைத் தொடாமல் காப்பது அந்தப் பூச்சுதான்.

"பொடி எங்க வாங்கறீங்க?"

"முன்னாடியெல்லாம் கடையில நின்னு அரைச்சு வாங்குவோம். இப்ப பாக்கெட்டுதான். மாவாட்டம் இருக்கு."

"சிக்கரி?"

"நாப்பதுன்னு போட்டிருக்கு. அப்பல்லாம் இருபதுதான்."

காபியும் சிக்கரியும் கலந்த பொடியில் குறைந்தது 51 சதவீதமாவது காபி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த எல்லைக்குள்தான் இந்தப் பொடியும் வருகிறது. ஆனால் சிக்கரி நிறத்தைக் கூட்டுமே தவிர, காபியின் மணத்தைக் கூட்டாது. மாவாக அரைத்த பொடியோ துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். கேட்டுக்கொண்டு நிற்கும் எனக்குத் தீர்ந்துவிட்டது போலத்தான் தோன்றுகிறது. ஓர் ஊசி, கொஞ்சம் கொரகொரப்பான பொடி, புதிதாக ஓர் ஈயப் பூச்சு. எதற்குப் புது ஃபில்டர்?

"அப்பா, அம்மா கையப் பாருங்க."

மகள் குரலை உயர்த்தவில்லை. அம்மா புடவைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறார். விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. டிகாக்‌ஷன் இறங்கியதும் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகிக்கொள்ளும்; துணியைச் சுற்றிப் பிடித்து, சூட்டோடு திருகிப் பிரிக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ருசியையும் பொடியையும் துளையையும் பற்றி இத்தனை பேசினோமே, திருகுகிற கையைப் பற்றி எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் ஒருநாளாவது டிகாக்‌ஷன் இறக்கியிருந்தால் இந்தப் பேச்சு எப்போதோ நடந்திருக்கும்.

அப்பா ஃபில்டரை எடுத்து, மறுபடி பொருத்தித் திருகிப் பார்க்கிறார். சூடில்லாதபோதே அது லேசில் வரவில்லை.

"ஏன் சொல்லல?"

அம்மா கடைக்காரர் பக்கம் திரும்புகிறார்.

"மெஷின் வேண்டாம். நாலு பேருக்கு இறங்கற மாதிரி எவர்சில்வர் ஃபில்டர் காட்டுங்க. கழட்ட லேசா இருக்கணும்."

மேசைமேல் வரிசையாக வந்து நிற்கின்றன. பளபளப்பையோ கம்பெனிப் பெயரையோ அவர் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொருத்துகிறார், திருகுகிறார், பிரிக்கிறார். இரண்டைத் தள்ளி வைக்கிறார். மூன்றாவதில் மேல் பாத்திரத்தின் விளிம்பு அகலம். விரல் நன்றாகப் பிடிக்கிறது. மறுபடி பொருத்தி, இடது கையாலும் கழற்றிப் பார்க்கிறார். ஃபில்டர் வாங்க இதைவிடச் சரியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

"இதையே குடுங்க. பழசை எடைக்குப் போட்டுக் கழிச்சுக்குங்க."

"பித்தளையப் போடணுமா?" என்கிறார் அப்பா.

"வச்சுட்டு என்ன செய்ய?"

கடைக்காரர் தராசில் வைக்கிறார். அம்மா குனிந்து முள்ளைப் பார்த்து, பொடியை அழுத்தும் குடையையும் மூடியையும் சேர்த்து வைத்தாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார்.

"பொடிக்கடை எட்டு மணி வரைக்கும் இருக்குமில்ல?" என்று அப்பா மகளிடம் கேட்கிறார். "இருபது சிக்கரி போட்டு, கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சு வாங்கிட்டே போயிடுவோம்."