காய்ச்சல் நாள் குறிப்பு

வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாராவது வராவிட்டால் தேதிக்கு எதிரே 'காய்ச்சல், லீவு' என்று எழுதி மூடிவிடுவேன். சிறப்புக் கல்வி ஆசிரியையாக முதல் சில வருடங்கள் அப்படித்தான் ஓடின. ஆட்டிசத்தைக் காய்ச்சல் இல்லாத நாளில் மட்டுமே பார்க்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன், ஆறு வயது. டப்பா மூடி கிடைத்தால் போதும், சுழலவிட்டு, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பான். ஒருநாள் அவன் அம்மா போன் செய்தார்.

"மிஸ், ராத்திரி நூத்தியொண்ணு இருந்துச்சு. தானா வந்து மடியில படுத்தான். என் முகத்தையே பார்த்து, 'அம்மா, தண்ணி'ன்னு கேட்டான் மிஸ்."

ஓய்ந்து கிடந்த பிள்ளையைப் பெற்ற மனசு அப்படிப் பார்த்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உறுத்தியது. சோர்ந்தால் பேச்சு குறையத்தானே வேண்டும்? இவன் இரண்டு சொல்லைச் சேர்த்திருக்கிறான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மூடி மறுபடி சுழன்றது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2007இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், காய்ச்சல் கண்ட 30 ஆட்டிசப் பிள்ளைகளைக் காய்ச்சலில்லாத 30 பேரோடு ஒப்பிட்டிருந்தார்கள். எரிச்சல், துறுதுறுப்பு, செய்ததையே செய்வது எல்லாம் குறைந்தன, சோர்வு கூடியது, மாற்றம் நிலைக்கவில்லை. 2018இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சொன்னதைத் தொகுத்தபோது, முன்னேற்றம் தெரிந்தது 17 சதவீதத்தினரிடம்தான். 2020இல் எலிகளில் இத்தகைய முன்னேற்றத்துக்கு இன்டர்லூகின்-17ஏ என்ற நோயெதிர்ப்புப் பொருளைக் காரணமாகக் காட்டினார்கள். எலியிலிருந்து என் வகுப்பறைக்கு இன்னும் வெகுதூரம்.

இப்போது லீவு சொல்லும் அம்மாக்களைக் கேள்வியால் துளைக்கிறேன். எத்தனை டிகிரி? சிரப் கொடுப்பதற்கு முன்பா, பின்பா? என்ன சொல், யாரிடம்? ஒரு அப்பா தயங்கித் தயங்கி, "அப்போ சிரப் கொடுக்காம விட்டுப் பார்க்கலாமா மிஸ்?" என்றார். கோபம் வந்தது, அவர் ஆசையும் புரிந்தது. வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை, வலிப்பும் உண்டு. டாக்டர் சொன்னபடி கொடுங்கள் என்றேன்.

சொல் உள்ளே இருக்கலாம் என்று தோன்றிய பிறகு மாறியது என் அவசரம். முன்பெல்லாம் டம்ளரைக் காட்டி, ஐந்து எண்ணுவதற்குள் 'தண்ணி' என்று நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். இப்போது மனசுக்குள் இருபதுவரை எண்ணுகிறேன். மூடி சுழற்றும் அந்தப் பையன் போன வாரம் பதினெட்டில் டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.